உறுதியில்லாக் காணியும் உறுதிகொண்ட மக்களும்

மரபைப் பற்றிப் பேசாத அரசாங்கம் இன்று உலகில் இல்லை. பழைய மதிலுக்குச் சுண்ணாம்பு பூசுவோரும், மறைந்துபோகும் நாட்டுப்பாடல்களை ஒலிப்பதிவு செய்து அலுமாரியில் அடுக்குவோரும், உல்லாசப் பிரயாணிகளின் முன்னால் உள்ளூர்ச் சிறுவரை ஆடவிட்டுக் கைதட்டுவோரும் தம்மை மரபின் காவலர் என்றே அழைத்துக்கொள்கின்றனர். ஆனால், அம்மரபைப் படைத்து, அதனைத் தம் அன்றாட வாழ்க்கையாகக் கொண்டுள்ள மக்களின் காலடி நிலம் பறிபோகும் வேளையில் இக்காவலர்களிற் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. காணி என்பது அரசியல், மரபு என்பது பண்பாடு, இரண்டையும் கலக்கலாகாது என்று நமக்கு உபதேசம் செய்யப்படுகின்றது.

இவ்வுபதேசம் எத்துணைப் பொய்யானது என்பதைக் கரீபியன் கடலிலுள்ள ஒரு சிறு தீவின் வரலாறு ஐயத்துக்கிடமின்றி எடுத்துக்காட்டுகின்றது. அத்தீவின் பெயர் பார்புடா. அன்ரிகுவா எனும் பெரிய தீவோடு இணைந்து 1981 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி சுதந்திரம் பெற்ற நாட்டின் இளைய பங்காளி அது. அங்கே காணியைப் பொதுவில் வைத்து ஆண்ட முறையே மக்களின் மரபு. அவர்களின் உணவும் தொழிலும் உறவும் ஊர்ப்பற்றும் அம்முறையிலிருந்தே கிளைத்தன. அதனைக் குலைத்துவிட்டு மரபைப் பேணுவதாகக் கூறுவோர் அறிந்தோ அறியாமலோ கொள்ளைக்குத் துணைபோகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடிமைகள் ஆக்கிய தீவு

அன்ரிகுவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், 62 சதுர மைல் பரப்பில், சுண்ணக்கல்லால் அமைந்து கிடக்கின்றது பார்புடா. ஆறு கிடையாது. மழை குறைவு, வறட்சி அடிக்கடி வரும். மண் ஆழமற்றது, பல இடங்களில் பாறை வெளித்தெரியும். மேற்குப் புறத்தில் நீண்ட களப்பொன்று உண்டு. அதன் கரையில் கொட்றிங்டன் எனும் ஊர். தீவின் குடிகள் ஏறக்குறைய எல்லோரும் வாழ்வது அவ்வொரே ஊரிலேயாகும்.

ஊரின் பெயரே ஓர் எசமானக் குடும்பத்தின் பெயர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 1685 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் முடியிடமிருந்து இத்தீவு முழுவதையும் கொட்றிங்டன் குடும்பத்தினர் குத்தகைக்குப் பெற்றனர். 1870 ஆம் ஆண்டுவரை, அதாவது 185 ஆண்டுகள், குத்தகை அக்குடும்பத்தின் கையிலேயே இருந்தது. கரும்பு இம்மண்ணில் செழிக்கவில்லை. ஆகவே அன்ரிகுவாவிலிருந்த அவர்களது சர்க்கரைத் தோட்டங்களுக்கு வேண்டிய மாடு, குதிரை, மரம், கரி, சுண்ணாம்பு, மீன் ஆகியவற்றை வழங்கும் பின்னிலமாகப் பார்புடா பயன்படுத்தப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டோரும் அவர்தம் சந்ததியினருமே அனைத்து வேலைகளையும் செய்தனர். வெள்ளையர் ஒருசில மேலாளர்களே. மந்தை மேய்த்தலும், வேட்டையும், மீன்பிடித்தலும், தோல் பதனிடுதலும், படகு கட்டுதலும் அடிமைகளின் கைத்திறனாக வளர்ந்தன. தீவின் ஒவ்வொரு கிணற்றையும் குகையையும் காட்டுப்பாதையையும் அறிந்தவர்கள் அவர்களே. குத்தகைப் பத்திரம் இங்கிலாந்திலிருந்த குடும்பத்தின் பெட்டகத்தில் கிடந்தது. தீவு அடிமைகளின் அறிவிலும் உழைப்பிலும் இருந்தது.

1834 ஆகஸ்டு முதலாந் திகதி அடிமைத்தளை அறுந்தது. அப்போது பார்புடாவில் ஏறத்தாழ 500 பேர் இருந்தனர். பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புக்கென 2 கோடி பவுண் ஒதுக்கியது. அப்பணம் முழுவதும் சென்றது எசமானர்களுக்கு. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை, ஒரு பரப்புக் காணியும் கிடைக்கவில்லை. அன்ரிகுவாவிலே நிலம் முழுவதும் தோட்டத்துரைமாரின் பிடியில் இருந்தமையால், விடுதலை பெற்றவர் மறுநாளே பழைய எசமானின் வாசலில் கூலிக்கு நிற்க நேர்ந்தது. குடியிருக்கும் குடிசையைக்கூட வேலை ஒப்பந்தத்தோடு முடிந்துவைத்தனர் துரைமார். வேலையை விட்டால் வீடும் போயிற்று.

பார்புடாவில் அவ்வாறு நிகழவில்லை. காணி அனைத்தும் ஏட்டளவில் கொட்றிங்டனுடையதாயினும் உண்மையில் அதனைப் பயன்படுத்தியவர்கள் மக்களே. அவர்கள் அத்தீவைக் கூறுபோட்டுக் கொள்ளவுமில்லை. தலைவன் ஒருவனிடம் ஒப்படைக்கவுமில்லை. முன்னர் எசமானுக்காகச் செய்த அதே தொழில்களைத் தமக்காகவும் ஒருவருக்கொருவர் துணையாகவும் செய்யத் தொடங்கினர். அடிமை முறையின் இடிபாடுகளுக்குள்ளிருந்து, எந்த அரசனும் அருளாத, எந்தப் பாதிரியும் போதியாத ஒரு பொதுவுடைமை முறை எழுந்தது. மேற்கிந்திய வரலாற்றில் உழைக்கும் மக்கள் நிலைநாட்டிய அரிய சாதனைகளுள் இது ஒன்று எனக் கூறுவது மிகையாகாது.

பொதுக்காணியின் பொருளாதாரம்

இம்முறையைச் சிலர் ஏதோ ஆபிரிக்க மனப்பான்மையின் எச்சம் என்றும், வேறு சிலர் எளிய மக்களின் அப்பாவித்தனம் என்றும் விளக்குவர். இவை இரண்டும் சோம்பேறித்தனமான விளக்கங்கள். மக்கள் காணியைப் பொதுவில் வைத்தமைக்குத் திட்டவட்டமான பொருளியற் காரணங்கள் இருந்தன.

மெலிந்த மண்ணிலே ஒரே துண்டு நிலத்தை ஆண்டாண்டாக உழுது பிழைக்க முடியாது. ஆகவே பார்புடா விவசாயி காட்டில் ஓர் இடத்தைத் துப்புரவாக்கி எரித்து, வேலியிட்டு, சோளமும் வற்றாளையும் கச்சானும் பூசணியும் பயிரிடுவான். இரண்டொரு ஆண்டில் மண் களைத்ததும் அதனைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறிடம் செல்வான். நமது நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பயிரைச் சுற்றியே வேலி. கால்நடைகளைச் சுற்றி வேலி கிடையாது. மாடும் ஆடும் குதிரையும் தீவெங்கும் அலைந்து, மழை பெய்த இடத்துப் புல்லையும் வற்றாத கிணற்று நீரையும் தேடிச் செல்ல வேண்டும். வறட்சிக்காலத்தில் ஓரிடத்து மேய்ச்சல் கருகினால் இன்னோரிடம் காக்கும். இத்தகைய மண்ணைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் கம்பிவேலி போட்டால் சேனையும் அழியும், மந்தையும் அழியும். மக்களின் ஒற்றுமை உணர்வு இந்நடைமுறைத் தேவையின் மீதே கட்டப்பட்டது.

இதனோடு மான் வேட்டை, நண்டு பிடித்தல், கரி சுடுதல், கடலிலே சங்கும் சிங்கி இறாலும் எடுத்தல் என்பனவும் சேர்ந்தன. எந்த ஒரு தொழிலும் தனித்து ஒரு குடும்பத்தைத் தாங்காது. எல்லாம் சேர்ந்து தாங்கும். ஒரே மனிதன் காலையிற் களப்பிலும், மாலையிற் சேனையிலும், பருவத்தில் காட்டிலும் காணப்படுவான். இவ்வாறு பல தொழில்களில் மாறிமாறி ஈடுபடும் சுதந்திரம் தீவு முழுவதும் திறந்திருந்தமையாலேயே சாத்தியமாயிற்று. அங்கு நிலப்பிரபுவும் தோன்றவில்லை. நிலமற்ற கூலியும் தோன்றவில்லை.

இவ்வாறு கூறுவதால் பார்புடா ஒரு சொர்க்கம் என்று நாம் பசப்பவில்லை. வாழ்க்கை கடினமானது. பணவருமானம் சொற்பம். இளைஞர் பலர் அன்ரிகுவாவுக்கும், இங்கிலாந்தின் லெஸ்ரர் நகருக்கும், நியூயோர்க்குக்கும் பிழைப்புத் தேடிப் போயினர். பிற்காலத்தில் கடற்கரை மணலை அகழ்ந்து ஏற்றுமதி செய்த கொடுமையும் நடந்தது. அதன் வருமானத்தில் தீவின் உள்ளூராட்சி மன்றமும் தங்கியிருந்தது. பொதுவுடைமை பிழையே செய்யாத தெய்வம் அன்று. ஆயினும், வெளிநாட்டில் முதுகொடிய உழைத்தவன் ஊர் திரும்பியபோது, “உனக்கு இங்கே இடமில்லை” என்று சொல்ல அத்தீவில் எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. வீடு கட்ட ஒரு துண்டும் பயிரிட ஒரு துண்டும் பிறப்புரிமையாக அவனுக்கு இருந்தன. ஓய்வூதியமும் காப்புறுதியும் அறியாத மக்களுக்கு அக்காணியே இரண்டுமாக விளங்கியது.

பேனாவால் பறித்தோர்

நூற்றெண்பத்தைந்து ஆண்டுக் குத்தகை முடிந்து கொட்றிங்டன் குடும்பம் போயிற்று. முடியாட்சி போகவில்லை. 1904 ஆம் ஆண்டின் பார்புடாச் சட்டம் தீவின் காணி முழுவதையும் முடியின் பெயரால் ஆளுநரிடம் ஒப்புவித்து, குடிகளை வெறும் குடியிருப்பாளராக்கியது. ஒரு மனிதன் தன் பாட்டன் எரித்த காட்டில், பாட்டன் வெட்டிய கிணற்றோரம் நின்றுகொண்டு, தான் முடிக்குரிய காணியில் தங்க அனுமதிக்கப்பட்டவன் என அறிந்துகொண்டான்.

இத்தந்திரம் இலங்கை வாசகருக்குப் புதியதன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காட்டையும் தரிசையும் சேனையையும், எதிராகச் சான்று காட்டப்பட்டாலன்றி முடிக்குரியவை எனக் கொண்டது. எழுத்திலுள்ள உறுதியைக் காட்டு, இல்லையேல் விலகு என்பதே அதன் பொருள். சேனைக்கு உறுதி எழுதி வைத்த விவசாயி எங்கே இருந்தான்? அவ்வாறு கைப்பற்றிய மலைகளிலே கோப்பி பயிரிடப்பட்டது. இங்கே மலையை விழுங்கியதும் அங்கே தீவை விழுங்கியதும் ஒரே சாம்ராச்சியத்தின் ஒரே சட்டவியல். உழைப்பையும் வழக்கத்தையும் உரிமைக்குச் சான்றாக ஏற்க அது மறுத்தது. காகிதத்தையே சான்றாக ஏற்றது. அக்காகிதத்தை அச்சடிக்கும் இயந்திரமோ ஆள்வோன் கையில் இருந்தது.

பார்புடா மக்கள் இதனை ஒருபோதும் மனமார ஏற்றுக்கொள்ளவில்லை. கொட்றிங்டன் தம் மரணசாசனத்திலே தீவைத் தமக்கு எழுதிவைத்தார் எனும் கதை அவர்களிடையே வழங்கி வந்தது. அத்தகைய சாசனம் எதுவும் சட்டத்தின் முன் நிலைநாட்டப்படவில்லை. இதனைக் காட்டி, “எல்லாம் கட்டுக்கதை” என்று எள்ளுவோர் உளர். நாம் கேட்பது இதுதான்: மக்கள் ஏன் இக்கதையைச் சொல்ல நேர்ந்தது? காகிதத்தை மட்டுமே மதிக்கும் நீதியின் முன், தமது உண்மையான உரிமைக்கு ஒரு கற்பனைக் காகிதத்தை அவர்கள் தேட வேண்டியதாயிற்று. சாசனம் கற்பனையாகலாம், இருநூறு ஆண்டு உழைப்பு கற்பனையன்று.

எசமானரைப் பற்றிய இன்னொரு கதையும் உண்டு. திடகாத்திரமான அடிமைகளை மந்தைபோல் இனப்பெருக்கஞ் செய்யும் பண்ணையாகக் கொட்றிங்டன் குடும்பம் பார்புடாவை நடத்தியது என்பது அக்கதை. புவியியலாளர்களான டேவிட் லோவெந்தாலும் கொலின் கிளார்க்கும் 1977 இல் வெளியிட்ட ஆய்வில், ஆவணங்களை நுணுகிப் பார்த்து அதற்கு ஆதாரமில்லை எனக் காட்டினர். மரபு பற்றிய உலக ஆராய்ச்சியிற் பின்னர் பெரும்பெயர் பெற்ற லோவெந்தாலுக்கு பார்புடா பழக்கமான நிலம் என்பது குறிப்பிடத்தக்கது. கிளர்ச்சியூட்டும் இக்கதை பலரின் வாயிலும் ஏட்டிலும் உலவியது. மக்கள் தாமாக ஏற்படுத்திய காணிமுறையின் கதையோ அந்த அளவுக்குப் பரவவில்லை. அடிமையை உடலாகக் காண்பது எளிது. சமுதாயத்தை ஆக்கியவனாகக் காண்பதற்கு ஆய்வாளனுக்கும் ஒரு சார்பு வேண்டும்.

காலனித்துவம் விலகும் வேளையில் பார்புடா மக்கள் அன்ரிகுவாவிலிருந்து பிரிந்திருக்கவே விரும்பினர். காணி பற்றிய அச்சம் அதற்கு முதற்காரணங்களுள் ஒன்று. 1976 இல் அவர்களுக்கு ஓர் உள்ளூராட்சி மன்றம் சட்டப்படி கிடைத்தது, பிரிவினை கிடைக்கவில்லை. கடைசியாக, 2007 ஆம் ஆண்டின் பார்புடாக் காணிச் சட்டம் மக்களின் நீண்டகாலக் கோட்பாட்டை எழுத்தில் ஏற்றது. தீவின் காணி முழுவதும் பார்புடா மக்களுக்குப் பொதுவில் உரியது, அதனை விற்கலாகாது, 54 இலட்சம் கிழக்குக் கரீபியன் டொலருக்கு மேற்பட்ட பெருந்திட்டங்களுக்கு மக்களின் பெரும்பான்மைச் சம்மதம் வேண்டும் என்று அது விதித்தது. உறுதியில்லாத காணிக்கு இறுதியில் ஓர் உறுதி கிடைத்ததென மக்கள் நம்பினர்.

அந்நம்பிக்கை எட்டாண்டு நிலைத்தது. ஹொலிவூட் நடிகர் ரொபேர்ட் டி நீரோவும் அவுஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பக்கரும் முன்னின்ற ஓர் ஆடம்பர ஹோட்டேல் திட்டத்திற்காக, 2015 இல் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றையே இயற்றியது. 2007 ஆம் ஆண்டுச் சட்டம் அத்திட்டத்தைத் தீண்டாது என்பது அதன் சாரம். ஏழையின் உரிமைச் சட்டம் பணக்காரனின் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும் என்பதை இதைவிட வெளிப்படையாக எவ்வாறு கூறுவது?

சூறாவளிக்குப் பின் வந்த சூறாவளி

2017 செப்டெம்பர் 6 ஆந் திகதி அதிகாலை, ஐந்தாம் தரச் சூறாவளியான இர்மா பார்புடாவைத் தாக்கியது. ஒரு குழந்தை மாண்டது. கட்டடங்களிற் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சிதைந்தன. இன்னொரு சூறாவளி நெருங்கிய அச்சத்தில், ஏறத்தாழ 1,600 குடிகளும் இரண்டொரு நாட்களில் அன்ரிகுவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முந்நூறு ஆண்டுகளில் முதன்முறையாகத் தீவு மனித சஞ்சாரமற்றுக் கிடந்தது.

மக்கள் அகதிகளாக அன்ரிகுவாவின் தற்காலிக முகாம்களில் தங்கியிருந்த அந்த வாரங்களிலேயே, பார்புடாவின் காட்டுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. கூரையின்றிக் கிடந்த வீடுகளை நோக்கியல்ல, பாடசாலையை நோக்கியல்ல, வைத்தியசாலையை நோக்கியுமல்ல. ஜெட் விமானங்கள் இறங்கத்தக்க புதிய ஓடுபாதைக்காகக் காடு வெட்டப்பட்டது. மீனவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் ஜெட் விமானம் எதற்கு என்று கேட்கத் தீவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவ்வேலை தொடங்கிற்று.

கூடவே அரசாங்கம் ஒரு தாராளத்தை அறிவித்தது. பிரதமர் கஸ்ரன் பிரவுண், பார்புடாவாசிகள் தத்தம் மனைத்துண்டை ஒரு டொலருக்குத் தனியுடைமையாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். உறுதி கையிலிருந்தால் வங்கியில் ஈடுவைத்துக் கடன்பெற்று வீடு கட்டலாம் என்பது விளக்கம். பொதுவுடைமை என்பதே ஒரு கற்பனை என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு. 2017 இறுதியில் காணிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது.

இந்த ஒரு டொலரை நாம் சற்று நிதானமாக ஆராய்வோம். தனக்கே உரிய நிலத்தை ஒருவன் எதற்காக ஒரு டொலர் கொடுத்து வாங்க வேண்டும்? வாங்கும் கணத்தில், அது முன்னர் தன்னுடையதன்று என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். மனைத்துண்டுக்கு உறுதி பெற்றவன் மனைக்கு வெளியே கிடக்கும் சேனைக்காட்டையும் மேய்ச்சலையும் கடற்கரையையும் மெல்லக் கைவிடுகிறான். ஈடுவைத்த கடனை வறட்சியிலோ அடுத்த சூறாவளியிலோ கட்டமுடியாமற் போனால் வங்கி வரும். வங்கிக்குப் பின்னால் வாங்குவோன் வருவான். பொதுக்காணியை ஈடுவைக்க முடியாது என்பதை அதன் குறையாகப் பொருளியல் நிபுணர்கள் கூறுகின்றனர். ஏழையின் காணி கடனுக்குப் போகாமல் நின்றது அந்தக் “குறை”யினாலேயே! பேரிடரில் வீடிழந்தவனுக்கு அரசு செய்யவேண்டிய கடமை வீட்டைக் கட்டிக்கொடுப்பது. அதற்குப் பதிலாக அவனைக் கடன்காரனாக்கும் வழியை அது காட்டியது.

பார்புடா மக்கள் திரும்பி வந்தனர். தார்ப்பாய்க் கூரையின்கீழ் இருந்துகொண்டே வழக்காடினர். 1971 வரை இலங்கை வழக்குகளும் சென்றடைந்த அதே இலண்டன் பிரிவிக் கவுன்சிலே இன்றும் அவர்களின் இறுதி நீதிமன்றம். 2022 யூனில் அது அளித்த தீர்ப்பின் சாரம், பொதுக்காணி மீது பார்புடா மக்களுக்குள்ள உரிமை அரசியலமைப்பு பாதுகாக்கும் சொத்துரிமையாகாது என்பதாகும். ஹோட்டேல் திட்டத்துக்கான சட்டம் நிலைத்தது. 2024 பெப்ரவரியில், விமானத்தள அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடுக்கத் தீவுவாசிகள் இருவருக்குத் தகுதி உண்டென அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கும் தகுதி உண்டென்று அறிய ஆண்டுகள் பல சென்றன. அதற்குள் ஓடுபாதை உருவாகிவிட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் விமானத்தளம் திறந்துவைக்கப்பட்டது.

இதற்கிடையே, தீவின் தென்புறத்தில் செல்வந்தருக்கான தனியார் உல்லாச மன்றமும், கோல்ப் மைதானமும், கோடிக்கணக்கில் விலைபோகும் மாளிகைகளும் எழுந்தன. கொட்றிங்டன் களப்பு 2005 இல் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின்கீழ் முக்கிய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. செந்நிறத் தொண்டைப்பையை ஊதிக் காட்டும் பிரிகேட் பறவைகள் அதன் கண்டற் காடுகளிலே ஆயிரக்கணக்கிற் கூடு கட்டுகின்றன. கண்டலும் மணல்மேடும் புயலின் வேகத்தைத் தணிக்கும் என்பது பாடசாலை மாணவனும் அறிந்த செய்தி. அம்மணல்மேடுகளைச் சமன்செய்து புல்தரை விரிக்கும் செயலுக்கு இன்று “அபிவிருத்தி” என்று பெயர்.

மூன்று வாதங்களும் நமது விடையும்

முதல் வாதம்: வேலைவாய்ப்பு. ஹோட்டேல் வந்தால் இளைஞர் நாடுவிட்டு ஓட வேண்டியதில்லை என்பர். வேலை வேண்டாமென்று நாம் கூறவில்லை. எத்தகைய வேலை என்பதே கேள்வி. தன் கடற்கரையில் தன் படகோடு இறால் பிடித்தவன், அதே கடற்கரையில் வாயிற்காவலாளியாகச் சீருடை தரித்து, தன் மைத்துனனை உள்ளே விடாது தடுக்கும் வேலையையா நாம் முன்னேற்றம் என்பது? 2007 ஆம் ஆண்டுச் சட்டம் முதலீட்டைத் தடைசெய்யவில்லை. மக்களைக் கேட்டுச் செய் என்றே சொன்னது. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட மனமில்லாதவர்கள் மக்களின் நலனுக்காகவே எல்லாம் செய்வதாகக் கூறுவதை எவ்வாறு நம்புவது?

இரண்டாவது வாதம் நமது அணியிலிருந்தே வருவது. ஆகவே கூடுதற் கவனத்துக்குரியது. பொதுக்காணி முதலாளித்துவத்துக்கு முந்திய சமுதாய எச்சம், வரலாற்றின் சக்கரம் அதனை நசுக்கியே தீரும், அதற்காகக் கண்ணீர் வடிப்பது பிற்போக்கு என்று சில இடதுசாரி நண்பர்கள் வாதிடுவர். இவர்கள் மார்க்சைப் பாதியே படித்தவர்கள். ருஷ்யக் கிராமப் பொதுவுடைமையைப் பற்றி வேரா ஸாஸுலிச் கேட்டதற்கு 1881 இல் மார்க்ஸ் எழுதிய பதிலை அவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். விவசாயியின் நிலத்தைப் பறித்த வரலாற்று நியதியைத் தாம் மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே கூறியதாகவும், ருஷ்யாவின் கிராமச் சமுதாயம் அதன் சமூகப் புத்துயிர்ப்புக்கே நெம்புகோலாக அமையக்கூடுமெனவும் அவர் தெளிவுபடுத்தினார். அத்தோடு, பார்புடாவின் பொதுக்காணி ஆதிகால எச்சமுமன்று. உலக முதலாளித்துவத்தின் மிகக் கொடிய உறுப்பாகிய தோட்ட அடிமைமுறையை அனுபவித்த மக்கள், அதற்கு விடையாக அமைத்துக்கொண்டது அது. நவீன காலத்தின் குழந்தையைப் பழங்கால எச்சம் என்று தள்ளுவது விஞ்ஞான நோக்காகாது.

மூன்றாவது வாதம் மரபுக் காவலருடையது. சட்டம் எவ்வாறாயினும் பண்பாட்டைப் பேணலாமே என்பர். தூபூட் பே கரையோரக் குகையில் ஆதிக்குடிகள் கல்லிற் செதுக்கிய உருவங்கள் உள்ளன; கொட்றிங்டன்களின் மலைமாளிகையின் இடிபாடுகள் உள்ளன; களப்பிலே பறவைகள் உள்ளன; ஆண்டுதோறும் கரிபானா விழா உண்டு. இவற்றுக்கு வழிகாட்டிப் பலகை நட்டு, பிரயாணிகளை அழைத்துச் சென்றால் மரபு வாழுமென்பது அவர்கள் எண்ணம். குகையையும் இடிபாட்டையும் பேணுவது நன்றே. ஆயின் வேட்டைக்குக் காடின்றேல் வேட்டைக்காரனின் அறிவு எங்கே வாழும்? மேய்ச்சல் வெளியின்றேல் எந்தக் கிணறு எப்போது வற்றும் என்ற நினைவு யாருக்கு வேண்டும்? சேனை போனபின் விதை போகும். விதை போனபின் சமையல் போகும். பிறகு அச்சமையலின் பெயர் ஹோட்டேலின் உணவுப் பட்டியலில் டொலர்க் கணக்கில் அச்சாகும். உயிருள்ள மானை விரட்டிவிட்டு அதன் தோலைப் பதப்படுத்திச் சுவரில் மாட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

எவருடைய மரபு?

கொட்றிங்டன் குடும்பத்துக்கும் ஒரு மரபு உண்டு. 1710 இல் இறந்த கிறிஸ்தோபர் கொட்றிங்டன் தம் மரணசாசனத்தில் ஒக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு 10,000 பவுணும் தம் நூல்களும் வழங்கினார். அதைக்கொண்டு எழுந்த எழில்மிகு நூலகம் நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கியது. அடிமை உழைப்பில் விளைந்த செல்வம் அது என்ற கண்டனம் வலுத்தபின், 2020 இல் கல்லூரி அப்பெயரைக் கைவிட்டது. பெயர் போயிற்று, கட்டடம் நிற்கின்றது, அக்கட்டடத்தின் உறுதியைக் காட்டும்படி எவரும் கேட்கவில்லை. எசமானின் சாசனம் முந்நூறு ஆண்டுகளாகச் செல்லுபடியாகின்றது. அவனது அடிமைகளின் சந்ததியோ, தாம் உழைத்த மண் தம்முடையதென்பதற்கு ஒரு காகிதமும் காட்ட முடியாதவர்களாக அதே நாட்டுத் தலைநகரின் நீதிமன்றத்தில் நின்றனர். நூலகத்தின் பெயரை மாற்றியதற்காக மனச்சாட்சியைத் தட்டிக்கொடுக்கும் ஐரோப்பிய அறிவாளிகள், பார்புடாவின் காணி வழக்கில் எத்தனைபேர் குரலெழுப்பினர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

மரபு என்ற சொல்லைப் பிற்போக்குவாதிகளுக்கு நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனைக் கேள்விக்கு உட்படுத்தியே ஏற்க வேண்டும். எந்த மரபு? எவர் உண்டாக்கியது? எவர் உழைப்பின்மேல் நிற்கின்றது? எவருக்கு நிலத்தைத் தருகின்றது, எவரிடமிருந்து பறிக்கின்றது? வகுப்பறையில் மரபுரிமை பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியரும், அதனை ஆராயப் புகும் மாணவரும் முதலில் எழுப்பவேண்டிய வினாக்கள் இவை. கோவிற் கோபுரத்துக்கும் கோட்டை மதிலுக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் பொதுக் குளத்துக்கும், மேய்ச்சற்றரைக்கும், மீனவர் வலையுலர்த்தும் கரைக்கும் காட்டாத மரபுரிமைக் கல்வி, ஆள்வோரின் அலங்காரக் கல்வியாகவே முடியும்.

பார்புடா மக்கள் தோற்றுவிட்டதாக எழுதி முடிக்க அவசரப்படுவோருக்கு ஒன்று கூறுவோம். அத்தீவைக் கொட்றிங்டன்கள் 185 ஆண்டுகள் ஏட்டில் வைத்திருந்தனர். முடியாட்சி அதன்பின் ஏட்டில் வைத்திருந்தது. அக்காலம் முழுவதும் சேனை வெட்டி, மாடு மேய்த்து, களப்பிற் படகு விட்டவர்கள் மக்களே. சூறாவளி அவர்களைத் துரத்தியது, அவர்கள் திரும்பினர். நீதிமன்றம் ஒருமுறை கதவடைத்தது. மறுமுறையும் போய்த் தட்டினர். இன்றும் மன்றத்திலும் கடற்கரையிலும் அவர்களின் வழக்கு தொடர்கின்றது. பொதுக் காணிக்காகப் போராடும் எவரும், எந்த மொழியினராயினும், அவ்வழக்கின் கட்சிக்காரரேயாவர்.